வீடு மாத்தறதுக்கு பழைய லாரி வாங்கி ரெடி பண்றது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

சில வருஷம் முன்னாடி 1,400 கிலோமீட்டர் தள்ளி நாங்க குடி மாறினப்ப வாடகை லாரி பிடிக்காம ஒரு பழைய லாரிய வாங்கி, மூணு மாசம் அது அடியில படுத்து வேலை பாத்து, அதுலயே மொத்த சாமானையும் ஏத்திட்டுப் போனோம். அதுக்கப்புறம் தெரிஞ்சவங்கள்ல யாரு வீடு மாறினாலும் எனக்கு போன் வருது, கேக்குறதும் பெரும்பாலும் இதே கேள்விங்கதான், அதனால ஒரே இடத்துல எழுதி வெச்சிட்டேன். ரெண்டு ஆக்சில், டீசல், பின்னாடி மூடின பாடி, அந்த மாதிரி வண்டிய மனசுல வெச்சு எழுதினது.

வாங்கறதா, வாடகைக்கு எடுக்கறதா? எது லாபம்?

நேரம் இல்லன்னா வாடகைதான், அதுல யோசிக்கவே வேணாம். கிளம்ப ஒரு மாசம்தான் இருக்கு, நம்பிக்கையான மெக்கானிக்கும் தெரியாதுன்னா பழைய லாரி பக்கம் போகாதீங்க. ரெண்டு மூணு ட்ரிப் அடிக்கணும், பட்டறை மெஷின் மாதிரி வெயிட்டான சாமான் இருக்கு, போய் சேந்தப்புறமும் வண்டிக்கு வேலை இருக்கு, இல்ல வித்துடலாம், இப்படி இருந்தாதான் வாங்கறது கணக்குல நிக்கும். கணக்கு போடறப்ப வாங்கின விலையோட நிறுத்திடாதீங்க, ரிப்பேர், இன்சூரன்ஸ், பேர் மாத்தற செலவு, டீசல் எல்லாம் கூட்டி, திரும்ப வித்தா வர்றத குறைவா மதிப்பு போட்டு கழிச்சுப் பாருங்க. வாங்கற விலையில மூணுல ஒரு பங்கு ரிப்பேருக்குன்னு தனியா எடுத்து வெக்க முடியலன்னா அந்த வண்டி உங்க பட்ஜெட்டுக்கு மேலன்னு அர்த்தம், அதவிட சின்ன வண்டியா பாருங்க.

எவ்ளோ பெரிய வண்டி வேணும்?

எல்லாரும் பாடி நீளத்த மட்டும் பாக்குறாங்க, எடைய விட்டுடறாங்க. வண்டியில ஒரு தகடு இருக்கும், அதுல மொத்த எடை இவ்ளோதான் இருக்கலாம்னு போட்டிருக்கும். அதுல காலி வண்டியோட எடைய கழிச்சா மிச்சம்தான் நீங்க ஏத்தலாம். அந்த மிச்சத்துலதான் நீங்க, கூட வர்றவங்க, டீசல், டூல்ஸ் எல்லாமே அடக்கம். உதாரணமா மொத்தம் 7,500 கிலோ, காலி வண்டி 4,200 கிலோன்னு வெச்சுக்கோங்க, மிச்சம் 3,300. மூணு பேர் 210, டீசல் 120 லிட்டர் சுமார் 100 கிலோ, ஜாக்கி டூல்ஸ் எல்லாம் ஒரு 100, இதெல்லாம் போனா சாமானுக்கு 2,890 கிலோதான்.

சாமான் எடைய எப்படி கண்டுபிடிக்கிறது? வீடு மாத்தித் தர்றவங்க ரொம்ப காலமா ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, கலந்து கட்டின வீட்டு சாமான் ஒரு கன அடிக்கு 7 பவுண்டு, அதாவது ஒரு கன மீட்டருக்கு சுமார் 112 கிலோ. 18 அடி நீளம், 7 அடி அகலம், 7 அடி உயரம்னா 882 கன அடி, அத ரொப்பினா கிட்டத்தட்ட 2,800 கிலோ. பாத்தீங்களா, மேல சொன்ன வண்டிக்கு அதுவே விளிம்புல நிக்குது, இதுல பத்துப் பதினஞ்சு பெட்டி புஸ்தகமும் ஒரு இரும்பு பீரோவும் சேந்தா தாண்டிடும். சந்தேகமா இருந்தா ஏத்தினப்புறம் எடை மேடையில விட்டுப் பாருங்க, முன் ஆக்சில் பின் ஆக்சில் தனித்தனியா பாத்தா இன்னும் நல்லது.

லைசென்ஸையும் இப்பவே பாத்துடுங்க. சாதாரண லைசென்ஸ்ல ஓட்டக்கூடிய எடை பல நாடுகள்ல 3,500 கிலோ, சில நாடுகள்ல 7,500 கிலோ. வண்டி வாங்கினப்புறம் இது தெரிய வந்தா ரொம்பக் கஷ்டம்.

எத்தன நாள் முன்னாடி வாங்கணும்?

குறைஞ்சது ரெண்டு மாசம், மூணுன்னா நிம்மதி. பார்ட்ஸ் வர லேட்டாகும், அது ஒண்ணு. இன்னொண்ணு, ஒரு ரிப்பேர் முடிச்சு ஓட்டினாதான் அடுத்த ரிப்பேர் தெரியும், பிரேக்க சரி பண்ணி நல்லா நிக்க ஆரம்பிச்சதும்தான் முன்னாடி புஷ் (மூட்டுல வர்ற சின்ன வளையம்) ஆடறது காதுல விழும்.

வண்டி பாக்கப் போறப்ப முதல்ல எதப் பாக்கணும்?

சேசி, அதாவது வண்டி மொத்தத்தையும் தாங்கற அடி இரும்புச் சட்டம். இன்ஜின் இல்ல, பெயிண்ட் இல்ல, சேசிதான். இன்ஜின இறக்கி வேற வெக்கலாம், கியர் பாக்ஸ மாத்தலாம், சேசி போச்சுன்னா வண்டியே போச்சு. பழைய துணிய போட்டுக்கிட்டு டார்ச்சும் சின்ன சுத்தியும் எடுத்துட்டு அடியில போங்க. நல்ல இரும்பத் தட்டினா டிங்குன்னு சத்தம் வரும், உள்ள அரிச்சுப் போனதத் தட்டினா மொக்கையா கேக்கும், திருப்புளியால குத்தினா பொரிஞ்சு விழும். மேலாப்புல பிடிச்ச துரு பிரச்சின இல்ல, பொருக்கு பொருக்கா அடுக்கு உரியுதுன்னா பிரச்சின. கமான் பட்டை (அடுக்கு அடுக்கா இலை வெச்ச ஸ்பிரிங்) சேசியில மாட்டியிருக்கற பிராக்கெட் சுத்தி, குறுக்கு சட்டம் சேர்ற இடம், ஓட்டை போட்டிருக்கற இடம், இங்கதான் விரிசல் விடும். விரிசல்ல இருந்து துரு கோடு மாதிரி கீழ வழிஞ்சிருக்கும், அதத் தேடுங்க. மேல எல்லாம் பழசா இருந்து அடியில மட்டும் புதுசா கருப்பு பெயிண்ட் பளபளன்னு இருந்தா அங்கதான் அதிக நேரம் செலவு பண்ணணும், எதையோ மூடியிருக்காங்க.

சேசியில ஏற்கனவே வெல்டிங் பண்ணியிருந்தா? நிறைய லாரி சேசி சூடு பதம் பண்ணின ஸ்டீல், கண்டபடி வெல்டு வெச்சா வெல்டுக்குப் பக்கத்துலயே பலம் குறைஞ்சு அங்கயே திரும்ப விடும். மேல் விளிம்புலயும் கீழ் விளிம்புலயும்தான் இழுப்பு அதிகம், அங்க வெல்டோ ஓட்டையோ இருந்தா நான் அந்த வண்டிய வாங்க மாட்டேன், எவ்ளோ குறைச்சாலும் சரி.

கமான் பட்டையில உடைஞ்ச இலை இருக்கான்னு எண்ணிப் பாருங்க, சமதரையில நிக்கறப்ப வண்டி ஒரு பக்கம் சாஞ்சிருக்கான்னு பின்னாடி தள்ளி நின்னு பாருங்க.

இன்ஜின் நல்லா இருக்கான்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

போறதுக்கு முன்னாடியே வண்டிய ஸ்டார்ட் பண்ணாம வெக்கச் சொல்லுங்க, போனதும் முதல் வேலையா இன்ஜின்ல கை வெச்சுப் பாருங்க. சூடா இருந்தா காலையில ஸ்டார்ட் ஆகறதுல ஏதோ கஷ்டம் இருக்குன்னு எடுத்துக்கலாம், இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லிட்டு வந்துடுங்க. ஆறின இன்ஜின்ல ஸ்டார்ட் பண்ணி புகையப் பாருங்க. முதல்ல கொஞ்சம் வெள்ளையா வந்து நின்னா பரவால்ல, இன்ஜின் சூடேறினப்புறமும் வெள்ளையா இனிப்பு வாசனையோட வந்தா கூலண்ட் (இன்ஜின குளிர வைக்கற தண்ணி) சிலிண்டருக்குள்ள போகுது, ஹெட் கேஸ்கட் (இன்ஜின் தலைக்கு அடியில இருக்கற சீல்) வேலை. நீலமா வந்தா ஆயில் எரியுது. ஆக்சிலேட்டர் மிதிச்சப்ப மட்டும் கருப்பா வந்தா ஏர் ஃபில்டர், நாசில், டர்போ இதுல ஏதாவது, பெரும்பாலும் சரி பண்ணிடலாம்.

அப்புறம் இன்ஜின் ஓடறப்பவே ஆயில் ஊத்தற மூடிய கழட்டுங்க. லேசா புகை வரலாம், ரயில் இன்ஜின் மாதிரி குபுகுபுன்னு தள்ளினா பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சு. மூடிக்கு அடியில காப்பி நுரை மாதிரி இருந்தா ஆயில்ல தண்ணி கலக்குதான்னு விசாரிங்க. முடிஞ்சா மெக்கானிக்க வெச்சு கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள வர்ற அழுத்தம்) பாத்துடுங்க, சிலிண்டருக்கு சிலிண்டர் 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா விலையில பேசணும், இல்ல விட்டுடணும்.

மீட்டர்ல கிலோமீட்டர் ரொம்பக் கம்மியா காட்டுதே?

மீட்டர நம்பாதீங்க, பெடல் ரப்பர், ஸ்டீயரிங் தேய்மானம், டிரைவர் சீட், கதவு கீல், இதுங்க பொய் சொல்லாது. அதோட ரொம்ப நாள் சும்மா நின்ன வண்டி நல்ல வண்டின்னு நினைக்காதீங்க, நின்ன வண்டியில சீல் காயும், டேங்க்ல தண்ணி சேரும், பிரேக் இறுகும். தினம் ஓடி ஒழுங்கா ஆயில் மாத்தின வண்டிய நான் அதவிட மேல வெப்பேன்.

ஓட்டிப் பாக்கறப்ப?

காலி வண்டிய தெருவுல ஒரு ரவுண்டு ஓட்டறதுல ஒண்ணுமே தெரியாது. அரை மணி நேரமாவது, மேடு ஏறி இறங்கற ரோட்டுல ஓட்டுங்க. எல்லா கியரும் போடுங்க, வேகத்துல போறப்ப ஆக்சிலேட்டர்ல இருந்து சட்டுன்னு கால எடுங்க, கியர் தானா நியூட்ரலுக்கு வந்து விழுந்தா கியர் பாக்ஸ் வேலை இருக்கு. கிளட்ச்சுக்கு ஒரு டெஸ்ட், ஹேண்ட் பிரேக் போட்டு டாப் கியர்ல மெதுவா கிளட்ச்ச விடுங்க, இன்ஜின் திணறி நின்னுடணும், நிக்காம ஓடிட்டே இருந்தா கிளட்ச் பிளேட் வழுக்குது. ஸ்டீயரிங்க லேசா ஆட்டி வீல் எப்ப அசையுதுன்னு ஒருத்தர வெளிய நின்னு பாக்கச் சொல்லுங்க, 20 அங்குல ஸ்டீயரிங்ல 2 அங்குலத்துக்கு மேல சும்மா ஆடினா எங்கயோ தேஞ்சிருக்கு.

பேப்பர்ல என்ன பாக்கணும்?

சேசி நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டும் பேப்பர்ல இருக்கறதும் வண்டியில அடிச்சிருக்கறதும் ஒண்ணா இருக்கணும், நம்பர தேச்சு மறுபடி அடிச்ச மாதிரி தெரிஞ்சா அப்பவே கிளம்பிடுங்க. வண்டி மேல கடன் பாக்கி, ஃபைன் பாக்கி இல்லன்னு உறுதியான அப்புறம் பணம் குடுங்க.

வாங்கியாச்சு. எதுல முதல்ல காசு போடறது?

நான் ஒவ்வொரு ரிப்பேருக்கும் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன், இது கெட்டுப்போனா வண்டி நிக்காம போயிடுமா, இல்ல நடுரோட்டுல நின்னுடுமா? நிக்காம போறது முதல்ல, நடுரோட்டுல நிக்கறது அடுத்தது, மத்ததெல்லாம் காசு மிச்சம் இருந்தா. அப்படிப் பாத்தா பிரேக், டயர், ஸ்டீயரிங், வீல் பேரிங் முதல் வரிசை. கூலிங், டீசல் லைன், பெல்ட், பேட்டரி ரெண்டாவது வரிசை. டிங்கரிங், பெயிண்ட், சீட் கவர், பாட்டு சிஸ்டம் எல்லாம் அந்த வரிசையிலயே இல்ல. நிறைய பேர் இத தலைகீழா பண்றத பாத்திருக்கேன், அதனாலதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன், உங்க பிள்ளைங்க அந்த கேபின்லதான் உக்காந்து வரப்போறாங்க.

டயர்ல பட்டன் நல்லா இருக்கு, ஆனாலும் மாத்தச் சொல்றாங்களே?

பட்டன், அதாவது ரோட்டுல படற மேல் வரி, அது மட்டும் டயர் இல்லீங்க. டயர் சைடுல டாட்னு (DOT) ஆரம்பிக்கற ஒரு வரி இருக்கும், அதோட கடைசி நாலு எண்ணு தயாரிச்ச வாரமும் வருஷமும், 2319னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம். மூணே எண்ணுதான் இருக்குன்னா அது 2000க்கு முன்னாடி செஞ்சது, அத மாட்டி ஓட்டவே கூடாது. ஆறு வருஷம் தாண்டினா சைடுல வெடிப்பு இருக்கான்னு ஒவ்வொண்ணா பாக்கணும், பத்து வருஷம் ஆச்சுன்னா பட்டன் புதுசா தெரிஞ்சாலும் மாத்திடுங்க, ஸ்டெப்னியும் சேத்து. முன்னாடி ரெண்டு டயரும் புதுசா இருக்கணும், முன்னாடி வெடிச்சா ஸ்டீயரிங்கே கைய விட்டுப் போயிடும், அங்க ரீட்ரெட் டயர் (தேஞ்ச டயர் மேல புது பட்டன் ஒட்டினது) போடாதீங்க.

பின்னாடி ஜோடி டயர்ல உள் டயர யாருமே பாக்கறதில்ல. அதுல காத்து கம்மியா இருந்தா வெளிய தெரியாது, வெளி டயர் முழு பாரத்தையும் தாங்கி சூடாகி அதுதான் முதல்ல போகும். ஜோடி ரெண்டும் ஒரே உயரம் இருக்கணும். டயர் வெடிக்கறதுக்குப் பெரிய காரணம் காத்து கம்மியா வெச்சு பாரம் ஏத்தி வேகமா ஓட்டறதுதான், அதனால காத்த டயர் ஆறியிருக்கறப்ப ஏத்தின பாரத்துக்கு ஏத்த மாதிரி பிடிங்க. வீல் கழட்டி மாட்டினா 50ல இருந்து 100 கிலோமீட்டருக்குள்ள நட்ட மறுபடி டைட் வெக்கணும்.

பிரேக்குல என்னென்ன பண்ணணும்?

நாலு வீலையும் கழட்டி லைனர் (டிரம்ல உரசி நிறுத்தற பட்டை), டிரம், சீல் எல்லாம் கண்ணால பாத்துடுங்க, யாரோ போன வருஷம் மாத்தினதுன்னு சொன்னா அத நம்பி விடாதீங்க. லைனர்ல ஆயிலோ கிரீஸோ பட்டிருந்தா கழுவி மாட்டற வேலை வேணாம், மாத்திடுங்க. ஆயில் பிரேக்குன்னா பழைய பிரேக் ஆயில முழுசா வெளியேத்தி புதுசு விடுங்க. அது காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சிக்கும், டாட் 3 ஆயில் புதுசுல 205 டிகிரிக்கு மேலதான் கொதிக்கணும், ஈரம் ஏறினா 140 வரைக்கும் இறங்கிடும், நீளமான இறக்கத்துல பிரேக் சூடாகி ஆயில் கொதிச்சா பெடல் தரையோட போயிடும். ஏர் பிரேக்குன்னா காத்து ஃபுல்லா ஏத்தி, இன்ஜின ஆஃப் பண்ணி, வண்டி உருளாம வீலுக்கு கட்டை வெச்சு, பிரேக்க மிதிச்சுப் பிடிங்க, ஒரு நிமிஷத்துல காத்து அழுத்தம் 3 பிஎஸ்ஐக்கு மேல இறங்கினா எங்கயோ லீக் இருக்கு, சோப்புத் தண்ணி தடவித் தேடுங்க. காத்து டேங்க்ல சேர்ற தண்ணிய தினம் வடிச்சு விடணும்.

வண்டி சூடாகுது, ஏன்? காலியா ஓட்டறப்ப நல்லாத்தானே இருந்துச்சு?

எங்களுக்கு நடந்ததே இதுதான். வாங்கறப்ப, அதுக்கப்புறம் காலியா ஓட்டறப்ப எல்லாம் சூடு காட்டற முள்ளு கீழயே நின்னுச்சு, நாங்களும் கூலிங் அருமைன்னு சந்தோஷப்பட்டோம். டெஸ்ட்டுக்காக பாரம் ஏத்தி ஒரு மேடு ஏறினதும் முள்ளு சர்ருன்னு சிவப்புக்குப் போச்சு. பிரிச்சுப் பாத்தா தெர்மோஸ்டாட்டே (இன்ஜின் சூடேறினப்புறம் ரேடியேட்டருக்குத் தண்ணிய திறந்து விடற வால்வு) இல்ல, முன்னாடி வெச்சிருந்தவங்க கழட்டிப் போட்டிருக்காங்க. ரேடியேட்டர் பாதி அடைச்சிருந்திச்சு, அது வெளிய தெரியாம இருக்க தெர்மோஸ்டாட்ட எடுத்துட்டா காலி வண்டியில எப்பவும் குளிர்ச்சியாவே காட்டும். அதனால முள்ளு ரொம்பக் கீழயே நின்னாலும் சந்தேகப்படுங்க. நிறைய டீசல் இன்ஜின்ல தெர்மோஸ்டாட் 80, 85 டிகிரி பக்கம்தான் திறக்கும், கொஞ்ச தூரம் ஓடினதும் முள்ளு ஏறி ஒரு இடத்துல நிக்கணும்.

பழைய வண்டியில நான் கேக்காமலே செய்யற வேலை இது: ரேடியேட்டர கழட்டி உள்ளயும் வெளியயும் சுத்தம், இன்ஜின் பக்கமா இருக்கற பின்புறத்துல சேறு அப்பியிருக்கும் அதையும் சேத்து, எல்லா ஹோஸும் புதுசு, தெர்மோஸ்டாட் புதுசு, ரேடியேட்டர் மூடி புதுசு. மூடி சின்ன விஷயம்னு விடாதீங்க, அது உள்ள அழுத்தத்த பிடிச்சு வெக்கறதாலதான் தண்ணி 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம இருக்கு, ஸ்பிரிங் தளந்த மூடின்னா அந்த லாபம் போச்சு. கூலண்டும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்க, வெறும் தண்ணி உள்ள துரு பிடிக்க வைக்கும். இன்ஜின் சூடா இருக்கறப்ப மூடிய மட்டும் திறக்காதீங்க, முகமே வெந்துடும்.

டீசல் சைடு, கரண்ட் சைடு?

டேங்க கழட்டி கழுவறது நல்லது. ரொம்ப நாள் நின்ன டேங்க்ல அடியில கசடு இருக்கும், தூரப் பயணத்துல குலுங்கி எல்லாம் ஃபில்டருக்கு வந்து அடைக்கும், அதனால ரெண்டு டீசல் ஃபில்டர் கூடவே எடுத்துட்டுப் போங்க, கை பம்ப் அடிச்சு டீசல் லைன்ல மாட்டின காத்த வெளியேத்தறத வீட்டுலயே ரெண்டு தடவ செஞ்சு பழகிடுங்க. டைமிங் பெல்ட் வெச்ச இன்ஜினா இருந்து எப்ப மாத்தினதுன்னு தெரியலன்னா மாத்திடுங்க, அது அறுந்தா வால்வும் பிஸ்டனும் இடிச்சு இன்ஜினே போகலாம்.

12 வோல்ட் பேட்டரி ராத்திரி முழுக்க சும்மா இருந்தப்புறம் 12.6 காட்டினா ஃபுல், இன்ஜின் ஓடறப்ப 13.8ல இருந்து 14.4 வரைக்கும் வந்தா டைனமோ சார்ஜ் பண்ணுது. 24 வோல்ட் வண்டின்னா எல்லாம் இரட்டிப்பு. வண்டியில எங்க வெல்டிங் பண்ணினாலும் முதல்ல பேட்டரி வயர கழட்டிடுங்க, இல்லன்னா டைனமோவும் கம்ப்யூட்டரும் அடிவாங்கும்.

எல்லா வேலையும் முடிஞ்சதும் நேரா சாமான் ஏத்திடலாமா?

வேணாம். ஒரு 300 கிலோமீட்டராவது ஓட்டுங்க, அதுல பாதி தூரம் பாரத்தோட, மணல் மூட்டையோ எதுவோ. முதல் 30 கிலோமீட்டர்ல ஓரமா நிறுத்தி ஒவ்வொரு வீல் நடுவுலயும் கைய கிட்ட கொண்டு போய்ப் பாருங்க, நேரா தொட்டுடாதீங்க. ஒரு வீல் மட்டும் மத்ததவிட சூடா இருந்தா அங்க பிரேக் பிடிச்சிட்டு இருக்கு, இல்ல பேரிங் போகுது. எங்களுக்கு பின்னாடி இடது பக்கம் இப்படித்தான் மாட்டுச்சு, வீட்டு வாசல்ல அரை நாள்ல முடிஞ்ச வேலை.

சாமான் எப்படி ஏத்தறது?

வெயிட்டானது எல்லாம் முன்பக்க சுவரோட ஒட்டி, தரையில, இடமும் வலமும் சமமா. பின் ஆக்சிலுக்குப் பின்னாடி வெயிட் போச்சுன்னா முன் வீல் லேசாகி ஸ்டீயரிங் மிதக்கும். சடன் பிரேக் அடிச்சா சாமான் தன்னோட எடையில 80 சதவீதம் வரைக்கும் முன்னாடி தள்ளும்னு வெச்சுக்கிட்டு கட்டுங்க. தரையில இருந்து கூரை வரைக்கும் ஒரு சுவர் மாதிரி அடுக்கி அத பெல்ட் போட்டுக் கட்டிட்டு அப்புறம் அடுத்த சுவர். புஸ்தகத்த சின்னப் பெட்டியில போடுங்க. ஃபிரிட்ஜ நிக்க வெச்சே கொண்டு போங்க, படுக்க வெச்சுட்டா போய் நிறுத்தி ஒரு நாள் கழிச்சு ஆன் பண்ணுங்க. முன்னாடி கதவு வெச்ச வாஷிங் மெஷின்னா டிரம்ம பிடிக்கற போல்ட்ட மாட்டிட்டு ஏத்துங்க. கேஸ் சிலிண்டர், பெட்ரோல், பெயிண்ட் தின்னர் மூடின பாடிக்குள்ள வேணவே வேணாம்.

கூட என்ன எடுத்துட்டுப் போகணும்?

ஃபேன் பெல்ட், ஹோஸ், கிளாம்ப், டீசல் ஃபில்டர், ஆயில், 10 லிட்டர் கூலண்ட், ஃபியூஸ், பல்பு, ஏத்தின வண்டிய தூக்கற அளவு ஜாக்கி, அதுக்கு அடியில வெக்க கட்டை, வீல் ஸ்பேனர், எச்சரிக்கை முக்கோணம், தீயணைப்பான். ஏத்தின வண்டியோட ஸ்டெப்னிய வீட்டுலயே ஒரு தடவ கழட்டிப் பாருங்க, பழைய வண்டியில அந்த போல்ட் துருவேறி சுத்தவே சுத்தாது.

ஓட்டறப்ப என்ன கவனம்?

வண்டியோட உயரத்த அளந்து ஸ்டீயரிங் முன்னாடி பெருசா எழுதி ஒட்டுங்க, கார் ஓட்டிப் பழகினவங்க பாலத்துக்கு அடியில, மரக்கிளைக்கு அடியில மறந்துடறாங்க. எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல இறங்குங்க, முடிஞ்சா ஒண்ணு கீழ, கியர இறக்கம் தொடங்கறதுக்கு முன்னாடியே போட்டுடணும். இறக்கத்துல பிரேக் மேலயே கால வெச்சிட்டு வந்தா சூடாகி பிடிமானம் போயிடும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ நிறுத்துங்க, டயர், நட்டு, லீக், கயிறு ஒரு சுத்து பாத்துட்டு கிளம்புங்க. ராத்திரி தூக்கம் வந்தா நிறுத்தித் தூங்கிடுங்க, ஒரு நாள் லேட்டா போனா ஒண்ணும் ஆகாது.

போய் சேந்தப்புறம் வண்டிய என்ன பண்றது?

விக்கறதா இருந்தா உடனே வித்துடுங்க, நிக்க நிக்க மதிப்பும் போகும் வண்டியும் கெடும். மாத்தின ஒவ்வொரு பார்ட்டுக்கும் பில்லு, கழட்டின பழைய பார்ட்டோட போட்டோ எல்லாம் ஒரு ஃபைல்ல வெச்சிருங்க, எங்க வண்டிய வாங்க வந்தவர் இன்ஜின பாக்கறதுக்கு முன்னாடி அந்த ஃபைலத்தான் முக்கால் மணி நேரம் உக்காந்து படிச்சார். வண்டியில இருந்த குறைகளையும் அவர்கிட்ட சொல்லிட்டோம், கேபின்ல மழை ஒழுகுறது, ரெண்டாவது கியர் காலையில கொஞ்சம் முரண்டு பிடிக்கறது, ரெண்டையும்.